இன்னும் ஒரு இலை

அந்தப் பையைக் காலடியில் வைக்காதீங்கம்மா. இந்த வளைவுகளில் பஸ் ஆளையே உருட்டிவிடும். மடியில் வைத்துக்கொள்ளுங்க. கேமராதானே? நீங்க ஏறும்போதே தெரிந்துவிட்டது, நீளக் குழாய் ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறது. என் மகனிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. என்னைத் தொட விடமாட்டான். உன் கையில் எண்ணெய் இருக்கும்மா என்பான். தையல் மிஷினுக்கு எண்ணெய் போடுகிற கை, இருக்கத்தான் செய்யும்.

குருவி எடுக்க வந்தீங்களா? கிடைத்ததா? நல்லது. இல்லைம்மா, காட்ட வேண்டாம். தப்பாக நினைக்காதீங்க. குருவிப் படம் என்றாலே இப்போது நான் பார்ப்பதில்லை.

என்னையா? என் பேர் அடைக்கலமேரி. மேலே மாதா கோவிலுக்குப் பின்னால் வீடு. பிளவுஸ் தைக்கிறேன். சிறுமலையில் எனக்கு அளவு தெரியாத முதுகு கிடையாது. எட்டாவதோடு படிப்பு முடிந்தது. மகள் ரெஜினாவை வேடசந்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். மகன் பிரிட்டோ. வீட்டுக்காரர் போனபிறகு வீட்டில் நானும் அவனும்தான். இப்போது திண்டுக்கல் போகிறேன். அவன் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டான். அம்மாவோடு ஒரே பஸ்ஸில் வரப் பிடிக்கவில்லை. பிடிக்காதுதான். நான் செய்த காரியம் அப்படி.

நாலு பேர் கூடின சபையில் வைத்து அவனைத் தலைகுனிய வைத்துவிட்டேன்.

சொல்கிறேன், இறங்குகிற வரைக்கும் நேரம் இருக்கிறது. நீங்களும் கேமரா பிடிக்கிற ஆள், சொன்னால் விளங்கும். ரெஜினாவிடம் சொன்னால், 'உனக்கு யாரும்மா மைக்கைக் கொடுத்தது' என்று அதிலேயே நிற்கிறாள்.

பிரிட்டோ முதலில் கீழே ஒரு ஸ்டுடியோவில் இருந்தான். கல்யாணம், சடங்கு, காதுகுத்து. ஒருநாள் விட்டுவிட்டு வந்தான். 'சிரிங்கன்னு சொன்னாத்தாம்மா சிரிக்கிறாங்க, சலிச்சுப்போச்சு' என்றான். அதற்கப்புறம் காடு, காடு, காடுதான். இருட்டோடு போவான், ஒரு குருவி கழுத்தைத் திருப்புவதற்காக நாள் முழுக்கக் காத்திருப்பான். 'உன் மகன் குருவியைக் கட்டிக்கிட்டுத்தான் குடும்பம் நடத்தப்போறான்' என்று ரெஜினா சொல்வாள். எனக்குக் கவலைதான். ஆனால் ஸ்டுடியோவில் இருந்தபோது அவன் முகம் எப்படி இருந்தது என்றும் எனக்குத் தெரியும். காட்டிலிருந்து வரும்போது எப்படி இருந்தது என்றும் தெரியும். ஜெபமாலையில் ஒரு பத்துமணியை அவனுக்கென்று ஒதுக்கிவிட்டேன்.

குருவிக்குத் தெரியாமல் உட்கார ஒரு மறைப்பு வேண்டும் என்று பச்சை வலைத்துணி வாங்கிவந்தான். நான் தைத்துக்கொடுத்தேன். கேமரா மூக்கு வெளியே நீட்ட ஓட்டை வேண்டும் என்றான். வெறும் ஓட்டை போட்டால் துணி பிரிந்துகொண்டே போகும். அதனால் ஜாக்கெட்டுக்கு வைப்பதுபோல ஒரு கை வைத்து, முனையில் எலாஸ்டிக் கொடுத்தேன். கேமரா அதில் கையை விட்டமாதிரி உட்கார்ந்துகொள்ளும். பார்த்துவிட்டு, 'அம்மா, வெளிநாட்டுக்காரன்கூட இப்படித் தைக்கலம்மா' என்றான். எத்தனையோ கல்யாணப் பிளவுஸ் தைத்திருக்கிறேன், ஒருத்தியும் அப்படிச் சொன்னதில்லை.

அந்தக் கோடையில்தான் கூடு கண்டான். எங்கள் காப்பித் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு காட்டு நாரத்தை மரம். அதில் மாம்பழச்சிட்டு. உங்களுக்குத் தெரிந்திருக்கும், பழுத்த மாம்பழ நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்குகிற குருவி. என்னையும் கூட்டிப்போய்க் காட்டினான். டம்ளரின் அடிப்பாகம் அளவுதான் கூடு. ஒட்டடையை எடுத்து வெளியே சுற்றிச்சுற்றி ஒட்டியிருக்கிறது. எங்கே தொடங்கியது, எங்கே முடித்தது, ஒன்றும் தெரியவில்லை. நானும் தையல்காரிதான், ஆனால் முடிச்சு வெளியே தெரியாமல் அப்படி என்னால் முடிக்க முடியாது. உள்ளே குஞ்சுகள், கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. ஆண்டவரே என்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

கூட்டைச் சுற்றி இலை. நல்ல அடர்த்தி. குருவி அதைப் பார்த்துத்தானே இடம் பிடித்திருக்கும். வீட்டுக்குக் கூரை பார்க்காமல் யாராவது குடிபோவார்களா? இதெல்லாம் இப்போது பேசுகிறேன். அன்றைக்கு என் வாயில் வரவில்லை.

'ரெண்டு இலைதாம்மா மறைக்குது,' என்றான். 'அது மட்டும் இல்லேன்னா வெளிச்சம் நேரா விழும்.'

'கயித்தால இழுத்துக் கட்டுடா. படம் எடுத்துட்டு அவுத்துவிட்டுரலாம்.'

'கட்டினா கிளை ஆடும், கயிறும் படத்துல விழும். நாரத்தை முள்ளு, என் கை உள்ள போகாது. உன் கை சின்னக் கைம்மா.'

நூல் வெட்டுகிற கத்தரி எப்போதும் என் இடுப்பில் இருக்கும். வெட்டினேன். இரண்டு இலை. அவன் மறைப்புக்குள் போய் உட்கார்ந்து, கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டு, 'வலது பக்கம் இன்னும் ஒரு இலை' என்றான். வெட்டினேன். 'அதுக்கு மேல, இன்னும் ஒண்ணு.' அதையும் வெட்டினேன். 'அம்மா, அந்தச் சின்னக் கிளை, அவ்வளவுதான், அது போதும்.'

பிளவுஸ் போடுகிற பெண்பிள்ளைகள் கழுத்து இறக்கச் சொல்வார்கள். இன்னும் கொஞ்சம்க்கா, இன்னும் ஒரு துளிக்கா. நான் கத்தரியைக் கீழே வைத்துவிடுவேன். ஏம்மா, வெட்டினால் ஒட்ட முடியாது, யோசித்துச் சொல்லு என்பேன். மலைக்கே சொல்கிறவள் நான். பெற்ற மகனிடம் மட்டும் சொல்லவில்லை.

என் உள்ளங்கை நிறைய இலை இருந்தது. நாரத்தை வாசம். கீழே போட மனசு வராமல் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அப்புறம் நானும் மறைப்புக்குள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணி உரசுகிற சத்தம் கேட்கும் என்று ஜெபமாலையை எடுக்காமல் விரலில் எண்ணிச் சொன்னேன். ரொம்ப நேரம் குருவி வரவில்லை. கிளைக்குக் கிளை தாவிக்கொண்டு, கூட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டு இருந்தது. இடம் மாறிப்போன மாதிரி அதற்குத் தெரிந்திருக்கும். உச்சிவெயில் கூட்டுக்குள் நேராக இறங்கிவிட்டது. அப்போது வந்தது. வாயில் ஒரு பச்சைப்புழு. ஊட்டிவிட்டு வழக்கம்போலப் பறக்கவில்லை. கூட்டு விளிம்பில் நின்றது. இரண்டு இறக்கையையும் மெள்ள விரித்தது, முந்தானையை விரிக்கிற மாதிரி. விரித்துக் குஞ்சுகள் மேல் அப்படியே பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாய்ப்பாசம் என்று நினைத்தேன். வாய் திறந்திருந்ததால் பாடுகிறது என்று நினைத்தேன்.

பிரிட்டோ கேமராவிலிருந்து கண்ணை எடுத்தான். 'கிடைச்சிருச்சும்மா' என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பெரியவனான பிறகு அவன் என்னைக் கட்டிப்பிடித்தது அன்றைக்குத்தான். அதை நான் பொய் சொல்லாமல் சொல்லவேண்டும், எனக்கு அப்போது அந்தக் குருவி ஞாபகமே இல்லை.

மறுநாள் காலைப் பூசைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். குஞ்சுகள் கழுத்து தொங்கிக் கிடந்தன. எறும்பு. தாய்க்குருவி பக்கத்துக் கிளையில் புழுவை வைத்துக்கொண்டு இங்கும் அங்கும் நகர்ந்துகொண்டிருந்தது. ஊட்டவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னேன். கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பாமலேயே, 'பாம்பு வந்திருக்கும்மா. காட்டுல அதெல்லாம் இயற்கை' என்றான்.

பாம்பு வந்தால் விட்டுவிட்டா போகும்? கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த வெளிச்சத்தில் அவன் முகம் சின்னப்பிள்ளை முகமாக இருந்தது. போய்ப் புது வெட்டுத்துணி ஒன்றை எடுத்து, குஞ்சுகளைச் சுற்றி, நாரத்தை அடியிலேயே பள்ளம் தோண்டி வைத்தேன். முந்தானையில் முடிந்திருந்த இலையையும் அதன்மேல் போட்டேன். கொஞ்சம் வாடியிருந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் முழுக்கக் கேட்டார். பிறகு, 'இலை வெட்டினது பாவத்துல சேராதும்மா, வேற என்ன?' என்றார். வேறு என்ன இருக்கிறது, தேடிப்பிடித்து, பக்கத்துவீட்டுக் கோழியைக் கல்லால் எறிந்தேன் என்றேன். அதற்குப் பரிகாரமாகச் சொல்ல ஜெபம் கொடுத்தார். சொல்லி முடித்தேன். கோழிக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது.

பஸ் நிற்கிறதே, என்ன? ஓ, பலாப்பழம் ஏற்றுகிறார்கள். ஏற்றட்டும், எனக்கும் போய்ச்சேர அவசரம் இல்லை.

அந்தப் படத்தைக் கீழே ஒரு இயற்கை மன்றத்துப் போட்டிக்கு அனுப்பினான். முதல் பரிசு. 'தாய்மடி' என்று பேரும் வைத்திருந்தான். பரிசைவிடப் பெரிய விஷயம், காட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போகிற வேலைக்கு அவனையே வைத்துக்கொள்கிறோம் என்று மன்றத்தில் சொல்லியிருந்தார்கள். மாதச் சம்பளம், மார்பில் பேர் எழுதின அட்டை. தாய் படம்தானே, நீங்களும் வரணும் என்று என்னையும் விழாவுக்கு அழைத்தார்கள். நல்ல பட்டு கட்டிக்கொண்டு போனேன். அன்றைக்குப் பூசையில் நன்றி சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

மண்டபத்தில் சுவர் அகலத்துக்குப் படத்தைப் போட்டார்கள். அதுவரை நான் அவன் போனில், இத்துனூண்டாகத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது அந்தக் குருவி என்னைவிடப் பெரிதாக நிற்கிறது. எல்லாரும் கைதட்டுகிறார்கள். நான் அதன் வாயைப் பார்த்தேன். பாடவில்லைம்மா. நாக்கு உலர்ந்து உள்ளே ஒட்டிக்கிடக்கிறது. இரைக்கிறது. குஞ்சுகளின் கழுத்தெல்லாம் சிவந்து, இறக்கையின் நிழலுக்குள் தலையை நுழைக்கின்றன. ஒரு குஞ்சின் தலைக்கு மட்டும் நிழல் எட்டவில்லை.

அந்த நேரம் பார்த்து, நிகழ்ச்சி நடத்துகிற பையன் மைக்கை என்னிடம் நீட்டினான். 'அம்மா, இந்தப் படத்தைப் பார்க்கிறப்ப ஒரு தாயா உங்களுக்கு என்ன தோணுது?'

வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன். 'பாவம், அதுக்கு வெயில் தாங்கல.'

எல்லாரும் சிரித்தார்கள். கேலியாக இல்லை, வயசானவள் ஏதோ வெள்ளந்தியாகப் பேசுகிறாள் என்று. ஆனால் பிரிட்டோவும் பக்கத்தில் நிற்கிறான், அவன் அம்மா விவரம் இல்லாதவள் என்று ஆகிவிடக் கூடாதே. அதனால் விளக்கினேன். 'இல்லைங்க, அங்க நல்ல நிழல் இருந்துச்சு. இலை மறைச்சதுன்னு நாந்தான் இந்தக் கையால வெட்டினேன். அதான் அது இறக்கையால வெயிலை மறைக்குது.' அவன் பட்ட பாட்டில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளும் ஆசை. அதுவும் இருந்தது, மறைக்கக் கூடாது.

சிரிப்பு நின்றுவிட்டது. மேடையில் நடுவர் ஒருத்தர், கமலவேணி அம்மா என்று, கல்லூரியில் பாடம் எடுக்கிறவர். அவர் மெதுவாகக் கேட்டார்: 'எவ்வளவு இலைம்மா வெட்டினீங்க?'

'ஒரு கை நிறைய இருக்கும்மா.'

'குஞ்சுங்க என்ன ஆச்சு?'

இவ்வளவு பேர் இருக்கிற இடத்தில் செத்துப்போனது என்று மொட்டையாகச் சொல்ல ஒருமாதிரி இருந்தது. 'மறுநாளே அடக்கம் பண்ணிட்டேன். ஜெபம் சொல்லித்தான் பண்ணினேன்' என்றேன்.

பிரிட்டோவைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பரிசை அன்றைக்குக் கொடுக்கவில்லை. விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். வெளியே வரும்போது கமலவேணி அம்மா என் கையைப் பிடித்து, 'உங்க மேல தப்பில்லைம்மா' என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அதுதான் செருப்படியாக இருந்தது. என்மேல் இல்லையென்றால் யார்மேல் என்கிறார்?

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். யார் யாரோ போனில் குஞ்சைக் கொன்றவன் என்று எழுதுகிறார்களாம். காட்டுப் பக்கம் போவதில்லை. மறைப்பை மடித்துப் பரணில் போட்டுவிட்டான். சோறு வைத்தால் தட்டைத் தள்ளுகிறான். என்னை அம்மா என்று கூப்பிடவே இல்லை. 'இந்தாங்க', 'கேளுங்க' என்கிறான், ஜாக்கெட் வாங்கவந்த ஆள் மாதிரி. அவன் கோபமும் நியாயம்தான். வேறு யார் காட்டிக்கொடுத்திருந்தாலும் தாங்கியிருப்பான்.

இன்றைக்கு மன்றத்தில் எங்கள் இரண்டு பேரையும் வரச்சொல்லியிருக்கிறார்கள். நேற்று அவனாக வந்து என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். 'வயசாயிருச்சு, வேற ஒரு கூட்டை நினைச்சுச் சொல்லிட்டேன்னு சொல்லும்மா. இந்தக் கூட்டுல குஞ்சு நல்லாப் பறந்துபோச்சுன்னு சொல்லு. அது போதும்.' அம்மா என்று சொல்லிவிட்டான் பாருங்க. நான் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

காலையிலிருந்து சொல்லிச்சொல்லிப் பார்க்கிறேன். இப்போது உங்களிடமே சொல்கிறேன், கேளுங்க. ஐயா, எனக்கு வயசாயிருச்சு. வேற கூட்டை நினைச்சுச் சொல்லிட்டேன். இந்தக் குஞ்சுங்க நல்லா...

பார்த்தீங்களா? அதற்குமேல் வரமாட்டேன் என்கிறது. முன்பின் தெரியாத உங்களிடமே வரவில்லை. புதைத்த கையை வைத்துக்கொண்டு பறந்துபோனது என்று எப்படிச் சொல்வது? மாதா முன்னால் நின்று கேட்டேன். அவங்களும் சிலுவையிலிருந்து இறக்கின பிள்ளையை மடியில் கிடத்திப் பார்த்தவங்கதானே. மெழுகுவர்த்தி மட்டும் காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றிவைத்தேன்.

அப்படி ஏற்றும்போதுதான் ஒன்று தோன்றியது. பறந்துபோனது என்று ஏன் சொல்லவேண்டும்? செத்ததைச் செத்தது என்றே சொல்கிறேன். வெட்டியது யார்? நான். கத்தரி யாருடையது? என்னுடையது. அதை மேடையிலேயே சொல்லிவிட்டேன். யார் சொல்லி வெட்டினேன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்டால், 'அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தான், படம் நல்லா வரட்டும்னு நானா வெட்டிட்டேன், வந்து பார்த்துட்டுப் பதறிட்டான்' என்று சொல்லிவிடலாம். அவன் பசி தாங்கமாட்டான், அது உண்மைதான். படம் நன்றாக வரவேண்டும் என்று நினைத்தேன், அதுவும் உண்மைதான். ஏச்சு என்மேல் விழட்டும். படிக்காத கிழவி, அறிவில்லாமல் செய்துவிட்டாள் என்று போய்விடுவார்கள். அவனுக்கு வேலை கிடைக்கும்.

இதைப் பொய் என்பீங்களா?

வேண்டாம், சொல்ல வேண்டாம். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நீங்க நல்ல பிள்ளை, மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டிருக்கிறீங்க.

எது வெட்கம் என்றே எனக்கு இப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லைம்மா. சபையில் பேசியதா, பேசாமல் வெட்டியதா. இன்னும் ஒரு இலை என்றபோது கத்தரியைக் கீழே வைத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அவன் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பான், அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்துக்குள் சரியாகியிருப்பான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பயந்தேன். இன்றைக்கும் பாருங்க, அதே பயத்தில்தான் போகிறேன்.

பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டதா? அதற்குள்ளா?

அதோ நிற்கிறான், நீலச் சட்டை, அவன்தான் பிரிட்டோ. அந்தப் பக்கம் அவ்வளவு நிழல் கிடக்கிறது, நடுவெயிலில் போய் நிற்கிறான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், தலை சுடுவதே தெரியாது. கொஞ்சம் எழுந்திருங்கம்மா, குடை உங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. இதுதான், சின்னக் குடை, ஒரு ஆளுக்குத்தான் எட்டும்.

வாயெல்லாம் உலர்ந்துபோய்விட்டது எனக்கு. வேண்டாம், தண்ணீரை நீங்களே வைத்துக்கொள்ளுங்க, குடிக்க நேரமில்லை. கண்டக்டர் தம்பி, இருப்பா, ஒரு ஆள் இறங்கணும். அவன் என்னைவிட உயரம், கையை நன்றாகத் தூக்கிப் பிடித்தால்தான் அவன் தலைக்கு வரும். பரவாயில்லை. எனக்கு வெயில் பழக்கம்.